அரங்கின்றி ஆட்டமில்லை

புறநானூற்றின் 52ஆம் பாட்டிலே மருதன் இளநாகனார் பாழ்பட்ட ஊர்ப்பொதுவிடம் ஒன்றைக் காட்டுகின்றார். நரைத்த முதியவர்கள் 'நாய்' எனப்படும் காய்களை வைத்து நாடோறும் ஆடினமையால் அப்பொதியிலின் நிலம் குழிந்து கிடக்கின்றது. ஆடினோர் இப்போது இலர். அக்குழியிற் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. பாண்டியன் வழுதியைப் பகைத்தோர் நாடு இந்நிலை எய்தும் என்பது புலவர் கூற்று. போரின் கொடுமையை உணர்த்துதற்கு இடிந்த மதிலைத் தேடாது, ஆட்டம் ஒழிந்த ஓரிடத்தை அவர் தேர்ந்தமை எண்ணுந்தோறும் வியப்பளிப்பது. காய் வைத்து வைத்தே நிலம் குழியவேண்டுமாயின் எத்துணை ஆண்டுகள் மக்கள் அவ்விடத்திற் கூடியிருத்தல் வேண்டும்! ஓர் ஊர் ஊராக வாழ்ந்தது என்பதற்கு அக்குழியே சான்று. யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு இப்பாட்டின் பொருளை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை.

மாணவர்க்குச் சதுரங்கம் பயிற்ற யான் முற்பட்ட ஞான்று, ஒரு தாயார் என்னை நோக்கி, "சண்டையைக் கண்ணாலே கண்டது போதாதோ ஐயா? பலகையிலும் பிள்ளைகள் சண்டை பிடிக்கவேணுமோ?" என்று வினவினார். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. போரை மேசைமீது ஆடுதல் இரு நோக்கங்களுடன் வளர்ந்துள்ளது. 1824இல் பிரசிய நாட்டுப் படையினர், இளைய ரைசுவிற்சு என்பார் திருத்தியமைத்த வரைபடப் போர் விளையாட்டைத் தம் அதிகாரிகளைப் பழக்குதற்கு மேற்கொண்டனர். அது போருக்கு ஆயத்தஞ் செய்யும் நெறி. 1913இல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்சு, பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி ஆடும் விதிகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். சிறுபோரை ஆடிப் பார்த்தவனுக்கே மெய்ப்போர் எத்துணைப் பேதைமை என்பது புலனாகும் என்பது அந்நூலின் முடிபு. மறுவருடமே முதலாம் உலகப்போர் மூண்டது. இன்று பல நாடுகளில் சிறு படையுருவங்களுக்கு வண்ணந் தீட்டி, அளவுகோலும் பகடையுங் கொண்டு ஆடுங் குழுவினர் இரண்டாவது நெறியின் வழித்தோன்றல்களே.

தேர், கரி, பரி, காலாள் என்னும் நாற்படையாற் பெயர்பெற்ற சதுரங்கமோ இவற்றுக்கெல்லாம் மூத்தது. பலகையில் வெட்டுண்ட காய் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் எழும். வென்றவனும் தோற்றவனும் கைகொடுத்துப் பிரிவர். மெய்ப்போரில் இவ்விரண்டும் இல்லை. அத்தாயாருக்கு யான் கூறிய விடை இதுவே.

இனி, ஆட்டம் ஓர் ஊரில் வேரூன்றுவது எங்ஙனம்? கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளில் வள்ளுவர், கட்டம் வரையாது காய் உருட்டுவானை உவமையாக்கினார். நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேசுவானுக்கு அவர் கூறிய அவ்வுவமை ஆட்டத்துக்கு நேர்பொருளாகவே பொருந்தும். அரங்கு முந்தியது, ஆடுவோர் பிந்தியோர்.

இதற்குச் சென்னையே சான்று. 1961இல் இந்தியாவின் முதற் சர்வதேச மாஸ்டராகிய மானுவல் ஆரோன், தேசிய வெற்றிப் பட்டத்தை ஒன்பது முறை பெற்றவர். எனினும் அவர் செய்த பெருந்தொண்டு பிறிதொன்று. 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்திலே மிகயில் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் அமைந்தது. அதனை உருவாக்கி வளர்த்தவருள் அவர் தலையாயவர். தாயிடம் ஆட்டங் கற்ற விசுவநாதன் ஆனந்த் என்னும் சிறுவன் அக்கழகத்துக்கு வந்தான். தோற்றவன் எழுந்து இடம் விடவேண்டும், வென்றவன் அமர்ந்தாடலாம் என்பது அங்கு விரைவாட்டத்தின் வழக்கம். எழ விரும்பாத சிறுவன் விரைந்தாடக் கற்றான். 1988இல் அவர் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நிகழ்ந்தது. 2024இல் சென்னை இளைஞர் குகேசு 18ஆம் வயதில் உலக வெற்றிவீரரானார். இந்நீண்ட வரிசையின் அடியிற் கிடப்பது, கதவு திறந்திருந்த ஓர் அறை.

அறை மட்டும் போதாது. போட்டியை நடத்தும் முறையும் வேண்டும். இதனை யான் என் பிழையாலேயே கற்றேன். பல்லாண்டுகளுக்கு முன் 32 மாணவரைக் கூட்டி விலகல் முறையில் ஒரு போட்டி நடத்தினேன். முதற் சுற்று முடிந்ததும் 16 பேர் வெளியேறினர். காலைப் பேருந்திலே தூரத்துக் கிராமத்திலிருந்து வந்த சிறுவன் ஒருவன் இருபது நிமிடத்திலே தோற்று, மதியப் பேருந்துக்காகத் தனியே வீதியில் நின்றான். அவன் மறுபடி வரவில்லை. அன்று கேடயம் பெற்றவன் முகம் எனக்கு மறந்துபோயிற்று. வீதியில் நின்றவன் முகம் மறக்கவில்லை.

1895இல் சூரிச் நகரிற் கையாளப்பட்ட சுவிஸ் முறையில் இக்குறை இல்லை. அதில் எவரும் வெளியேற்றப்படார். முதற் சுற்றின்பின் சமபுள்ளி பெற்றோர் தம்முள் மோதுவர். ஒருவரோடு இருமுறை மோதுதல் இல்லை. 32 பேருக்கு விலகல் முறையில் 31 ஆட்டங்களே உள. சுவிஸ் முறையில் 5 சுற்றுக்கு 80 ஆட்டங்கள். தோற்றவனுக்கு அடுத்த சுற்றில் தன்னை ஒத்தவன் எதிரே அமர்கின்றான். மாலைக்குள் ஒரு வெற்றியேனும் பெறும் நம்பிக்கை அவனுக்கு உண்டு. மேசைப்போர்க் குழுவினரும் தம் போட்டிகளில் இம்முறையையே பெரிதும் போற்றுகின்றனர். ஒரு வீரனைத் தெரிதற்கு விலகல் முறை போதும். ஒரு கூட்டத்தை வளர்த்தற்கு அது போதாது.

நம் குடாநாட்டில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஊர்தோறும் உள. சனி ஞாயிறுகளைத் தனியார் கல்வி நிலையங்கள் கவர்ந்துகொண்டமையால், பிள்ளைகளுக்கு ஓய்வுதான் அரிதாயிற்று. வாரத்தில் ஒரு மாலையை அவர்களுக்கு மீட்டுக் கொடுப்போமாக. ஆறு பலகை, பெறுபேறு குறிக்க ஒரு கொப்பி, மழையானாலும் அந்நாளில் வந்து கதவைத் திறக்கும் ஒருவர்: இவையே முதல். கேடயமும் மாலை மரியாதையும் பின்னர் வரினும் வரும், வாராதொழியினும் குறைவில்லை.

இளநாகனார் காட்டிய நிலம் ஒருநாளிற் குழிந்ததன்று. நம் ஊர்த் திண்ணைகளும் மீண்டும் அவ்வாறு குழியட்டும்.