ஐகான் கலைந்தால் ஃபைல் தொலைந்துவிடாது

லேப்டாப்பைப் புரொஜெக்டரில் இணைத்து வகுப்பெடுக்கிறார் ஓர் ஆசிரியர். வகுப்பு முடிந்து கேபிளைக் கழற்றிய பிறகு பார்த்தால் டெஸ்க்டாப் அலங்கோலமாகக் கிடக்கிறது. வலது ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த ஃபோல்டர்கள் இடது பக்கக் குவியலில் கலந்துவிட்டன. மதிப்பெண் பட்டியல் எங்கே என்று தெரியவில்லை. ‘வைரஸ் வந்துவிட்டது’ என்கிறார் ஒருவர், ‘ஃபார்மேட் போட்டால் சரியாகும்’ என்கிறார் இன்னொருவர். அந்தப் பதற்றத்தில் எடுக்கிற முடிவுதான் நஷ்டத்தை உண்டாக்குகிறது. இடம் மாறிய ஐகானால் எந்த நஷ்டமும் இல்லை.

என்ன நடக்கிறது?

விண்டோஸில் டெஸ்க்டாப் என்பதும் ஒரு ஃபோல்டர்தான். உங்கள் பெயரிலுள்ள யூசர் ஃபோல்டருக்குள் ‘டெஸ்க்டாப்’ என்ற பெயரிலேயே அது இருக்கிறது. ஃபைல்கள் அதற்குள் இருக்கின்றன. எந்த ஐகான் திரையில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் விண்டோஸ் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பதிவேட்டில் தனியாக எழுதி வைக்கிறது. கலைவது அந்தக் குறிப்பு மட்டுமே.

உங்கள் திரை 1920×1080 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து 1800ஆவது பிக்சலில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. புரொஜெக்டர் 1024×768 அளவில் ஓடினால் அப்படி ஓர் இடமே திரையில் கிடையாது. எனவே விண்டோஸ் அந்த ஃபோல்டரை உள்ளே இழுத்து, காலியாக உள்ள இடத்தில் நிறுத்துகிறது. பழைய ரெசல்யூஷன் திரும்பியதும் பல சமயம் ஐகான்களும் பழைய இடத்துக்குப் போய்விடும். சில சமயம் வந்த இடத்திலேயே தங்கிவிடும்.

புரொஜெக்டர் மட்டும் காரணமல்ல. டிவியில் இணைப்பது, முழுத்திரையில் கேம் ஆடுவது, டிஸ்ப்ளே டிரைவர் அப்டேட் ஆவது, சேஃப் மோடில் திறப்பது, எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலை 100 சதவீதத்திலிருந்து 125 அல்லது 150க்கு மாற்றுவது என எல்லாவற்றிலும் இது நடக்கலாம்.

எங்கே ஆபத்து?

முதல் ஆபத்து, கை பழகிய இடத்தில் வேறு ஐகான் நிற்பது. தவறான ஃபைலைத் திறந்து திருத்திவிடுகிறோம், அல்லது வேண்டாதது என்று நினைத்து அழித்துவிடுகிறோம். அழித்த உடனே தெரிந்தால் கன்ட்ரோல் கீயுடன் ‘இசட்’ அழுத்துங்கள், அல்லது ரீசைக்கிள் பின்னில் பாருங்கள். ஷிஃப்ட் கீயோடு சேர்த்து டெலிட் செய்தால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்கே போகாது. ஐகான்கள் கலைந்திருக்கும் நேரத்தில் அந்த வழியைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, அந்தரங்கம். ஆதார் நகல், வங்கி அறிக்கை, மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் டெஸ்க்டாப்பில் கிடந்தால் புரொஜெக்டரை இணைத்த நொடியில் அவற்றின் பெயர்களை அறை முழுக்கப் படிக்கும்.

மூன்றாவதுதான் பெரியது. இணையத்தில் தேடி, விளம்பரமாக வரும் ‘உதவி மைய’ எண்ணை அழைப்பவர்கள் இருக்கிறார்கள். மறுமுனையில் பேசுபவர் ரிமோட் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார். அனுமதி கொடுத்துவிட்டால் உங்கள் முழுக் கணினியும் அவர் கையில். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் கொடுப்பதில்லை. எண்ணோடு ஒரு எச்சரிக்கை திரையில் வந்தால் அது மோசடி.

சரிசெய்வது எப்படி?

1. ஐகான்களை உடனே இழுத்து அடுக்காதீர்கள். முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘ரெகமண்டட்’ என்று காட்டும் ரெசல்யூஷனுக்குத் திரும்புங்கள். ஸ்கேல் மாறியிருந்தால் அதையும் பழையபடி வையுங்கள்.

2. ஐகான் ஒன்றுகூடத் தெரியவில்லையா? காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘வியூ’ பகுதியில் ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் ‘ஆட்டோ அரேஞ்ச்’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் வைத்த இடத்தில் ஐகான் நிற்காது.

3. புரொஜெக்டரை இணைக்கும்போது விண்டோஸ் கீயுடன் ‘பி’ அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டூப்ளிகேட்’ இரண்டு திரையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ‘எக்ஸ்டெண்ட்’ முறையில் லேப்டாப் திரை தன் அளவிலேயே இருக்கும். ஐகான்கள் கலைவது குறையும், உங்கள் ஃபைல் பெயர்களும் ஊருக்குத் தெரியாது.

4. அடிக்கடி திரை மாற்றுபவர்கள் ‘டெஸ்க்டாப்ஓகே’ போன்ற இலவச மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் ஐகான் அடுக்கைச் சேமித்து, கலைந்தால் ஒரே கிளிக்கில் மீட்டுத் தரும். உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

5. தினமும் திறக்கும் புரோகிராம்களை டாஸ்க்பாரில் பின் செய்யுங்கள். ரெசல்யூஷன் மாறினாலும் அங்கே வரிசை கலையாது. முக்கிய ஃபைல்களுக்கு டாக்குமெண்ட்ஸில் தனி ஃபோல்டரும், பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ இன்னொரு நகலும் இருக்கட்டும்.

ஃபைல் உண்மையிலேயே போய்விட்டதா என்று அறிய ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரிலும் தேடுங்கள். தற்காலிகப் புரொஃபைலில் நுழைந்திருப்பதாக விண்டோஸ் சொன்னால் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அந்த நிலையில் சேமிக்கும் ஃபைல்கள் சைன் அவுட் செய்ததும் அழிந்துவிடும்.

சர்வீஸ் கடையில் உங்கள் உரிமை

கலைந்த ஐகானுக்காகக் கணினியை ஃபார்மேட் செய்யத் தேவையில்லை. அப்படிச் சொல்லும் கடைக்காரரிடம் காரணம் கேளுங்கள். வேறு கோளாறுக்காகக் கணினியைக் கொடுத்தாலும், டேட்டாவைத் தொடலாமா கூடாதா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுத்துப் பெறும் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குத் துணை நிற்கிறது. ரசீது தர மறுப்பதும், நம்பிக்கையில் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்குக் கொடுப்பதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் அனுமதியின்றி டேட்டாவை நகலெடுப்பதையும் அழிப்பதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஆவது பிரிவு தடுக்கிறது. அதையே ஏமாற்றும் நோக்கோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. போலி உதவி மையத்திடம் பணத்தை இழந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, போன பணத்தை இடையில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் வீட்டில் பெற்றோர் கணினி பயன்படுத்துகிறார்கள் என்றால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து டெஸ்க்டாப் ஃபோல்டரை அவர்களுக்கு இன்றே காட்டிக்கொடுங்கள். ஐகான் கலைந்த அன்று, யாருக்கும் போன் போடுவதற்கு முன் அவர்கள் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.