வைப்ரேட்டோ வேலை செய்யலையா? ஆம்ப்பைத் திறந்துடாதீங்க!

பழைய வால்வு கிட்டார் ஆம்ப் கைக்கு வந்திருக்கா? 1960-களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பில் 'வைப்ரேட்டோ' என்று எழுதியிருக்கும். உண்மையில் அது ட்ரெமோலோ. சுருதி மாறாது, சத்தம்தான் கூடிக் குறையும்.

எப்படி? உள்ளே ஒரு வால்வு சர்க்யூட் சீராகத் துடிக்கும். அதற்கேற்ப ஒரு குட்டி நியான் பல்பு மின்னும். பக்கத்திலேயே, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு செல். பல்பு மின்னும்போதெல்லாம் கிட்டார் சிக்னலில் ஒரு பகுதி கிரவுண்டுக்குப் போய்விடும்; சத்தம் இறங்கும். 'ஸ்பீடு' துடிப்பின் வேகம். 'இன்டென்சிட்டி' இறக்கத்தின் அளவு.

ட்ரெமோலோ வரலைன்னா உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீங்க. கால் ஸ்விட்ச்சைச் செருகி ஆன் செய்தால்தான் இந்த ஆம்ப்பில் அது இயங்கும். அப்பவும் வரலையா? விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கும் மேல் தேங்கி நிற்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து!