கொய்னா அணையின் விரிசல் சொன்ன கணக்கு

1967 டிசம்பர் 11 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கொய்னா பகுதியை 6.3 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணை உடையவில்லை. ஆனால் நீர் வழிந்தோடாத பகுதிகளில், இரு முகங்களிலும் கிடைமட்டமாக விரிசல் ஓடியிருந்தது. அது அடித்தளத்தில் அல்ல. ஏறக்குறைய 66 மீட்டர் உயரத்தில், பருத்த உடல் சட்டென்று மெலியும் இடத்தில்.

அணையை வடிவமைத்தவர்கள் அக்கால வழக்கப்படிதான் கணக்குப் போட்டிருந்தார்கள். அணையை வளையாத ஒரே கட்டியாக எண்ணி, அதன் எடையில் 5 சதவீத விசை பக்கவாட்டில் தள்ளினால் சறுக்குமா, கவிழுமா என்று பார்த்தார்கள். அந்தக் கணக்கில் அணை தேறியது. ஆனால் அணைக்குள் இருந்த கருவி ஆற்றின் போக்குத் திசையில் பதிவு செய்த உச்ச அதிர்வோ, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பாதி!

அந்தப் பதிவுதான் பின்னாளில் பெரும் கொடையானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அனில் சோப்ராவும் சக்ரவர்த்தியும் அணையின் குறுக்குவெட்டைக் கணினியில் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, பதிவான அதிர்வையே அதற்குள் செலுத்தினார்கள். ஒவ்வொரு கூறும் பக்கத்துக் கூறை எவ்வளவு இழுக்கிறது, அழுத்துகிறது என்று நொடிக்கு நொடி கணக்கிடும் முறை இது. ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்பார்கள். அடி குலுங்கும்போது அணையின் உச்சி அதைவிடப் பல மடங்கு ஆடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் பிளக்கும். அதன் தாங்குதிறனை மீறிய இழுவிசை, விரிசல் கண்ட இடத்தை ஒட்டியே கணக்கில் வந்தது. இன்றும் உலகெங்கும் புதிய மென்பொருளைச் சோதிக்க கொய்னாவையே உரைகல்லாக எடுக்கிறார்கள்.

ஆனால் இத்தகைய கணக்கின் விடையாகக் கணினித் திரையில் தெரியும் வண்ணப் படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. அணைக்கு அடியில் புகும் நீர் அதை மேல்நோக்கித் தூக்கும். அந்த அழுத்தத்தைக் குறைக்கவே வடிகால் துளைகள் போடப்படுகின்றன. கான்கிரீட்டிலிருந்து கசிந்து வரும் சுண்ணாம்பு, துளையின் வாயில் வெள்ளையாகப் படிந்து அதை அடைத்துவிடும். அந்தத் துளைகள் திறந்திருப்பதாக எண்ணிப் போட்ட கணக்கு, இல்லாத பாதுகாப்பைக் காட்டும். பாறையும் அப்படித்தான். 1959இல் பிரான்ஸின் மால்பாசே அணை தகர்ந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கான்கிரீட் நன்றாகவே இருந்தது. இடக்கரையில் அடிப்பாறை நகர்ந்துவிட்டது.

ஆகவே அணையைத் துளைத்து உருளைத் துண்டுகள் எடுத்து வலிமையைச் சோதிக்க வேண்டும். அடியில் நீரழுத்தத்தை அளக்க வேண்டும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அணை எத்தனை மில்லிமீட்டர் சாய்கிறது என்பதைத் தொங்குகுண்டுக் கருவி காட்டும். கணினி மாதிரியின் விடை அதோடு பொருந்த வேண்டும். பொருந்தாத மாதிரியை வைத்து நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

கொய்னாவில் விரிசல்களை எபாக்ஸியால் நிரப்பி, எஃகு வடங்களால் இறுக்கி, பின்புறம் கான்கிரீட் முட்டுச்சுவர் கட்டினார்கள். அணை இன்றும் மின்சாரம் தருகிறது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுக்குள் அதன் வரம்பில் உள்ள ஒவ்வொரு அணைக்கும் முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு நடத்தச் சொல்கிறது. அந்த அறிக்கைகள் ‘பாதுகாப்பானது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கக் கூடாது. எந்த வலிமையை, எந்த அழுத்தத்தை, எந்த அதிர்வை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதையும் அணைக்குக் கீழே வாழும் மக்கள் படிக்கும்படி அரசுகள் வெளியிட வேண்டும்.