பூச்சாடிக்குள் ஒளிந்த பொறி

பழம்பொருள் கடைகளில் சீன, ஜப்பானியப் பீங்கான் ஜாடிகள் மேசை விளக்குகளாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றுடன், கீழைநாட்டுப் பாணியில் ஐரோப்பியர் செய்த ஜாடிகளும் இருக்கும். அத்தகையோரில் ஒருவரான பிரெஞ்சுக் கலைஞர் தியோடர் டெக் (1823–1891) துருக்கியின் இஸ்னிக் மட்பாண்டங்களில் மனம் பறிகொடுத்தவர். காரத்தன்மை மிகுந்த மெருகில் தாமிர ஆக்சைடு கலந்து சுட்டால் நீலப்பச்சை நிறம் வரும். அவர் கைவண்ணத்தில் பிறந்த அந்த நிறத்துக்கு ‘டெக் நீலம்’ என்றே பெயர்.

பூ வைக்கும் ஜாடி விளக்கானதற்குக் காரணம் எண்ணெய். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சில் எரித்த கோல்சா, கடுகு இனச் செடி ஒன்றின் விதையெண்ணெய். அது கெட்டியானது, திரியில் அதிக உயரம் ஏறாது. எண்ணெய்க் கலத்தைச் சுடருக்கு அருகில் வைத்தாலோ, அதன் நிழல் மேசையில் விழும். கலத்தைக் கீழே இறக்கினால் எண்ணெயை மேலே தள்ள ஒரு பொறி வேண்டும். 1800இல் கார்செல் என்பவர் கடிகாரப் பொறியால் இயங்கும் பம்பைப் பொருத்தினார். 1830களில் பிரான்ஷோ என்பவர் அதை எளிமையாக்கினார். சாவியால் முறுக்கிய சுருள்வில் ஒரு பிஸ்டனை அழுத்த, எண்ணெய் குறுகிய குழாய் வழியே சுடருக்கு ஏறும். வில் தளரத் தளர அழுத்தம் குறையுமே? அதற்காகக் குழாய்க்குள் நுனி சிறுத்த ஒரு கம்பி இருந்தது. பிஸ்டன் இறங்க இறங்க, கம்பி அடைத்திருந்த வழி அகலமாகும். எண்ணெய் ஒரே சீராக வரும். இத்தனையையும் மறைக்க, வயிறு அகன்ற பூச்சாடி கச்சிதமாகப் பொருந்தியது.

பிறகு வந்த மண்ணெண்ணெய் திரியில் தானே ஏறியதால் பொறி தேவையற்றுப்போனது. மின்சாரத்துக்கோ ஒரு கம்பி போதும். அந்தக் கம்பிக்காக எத்தனையோ அரிய ஜாடிகளின் அடியில் துளை போட்டுவிட்டார்கள். மெருகு என்பது உருகி உறைந்த கண்ணாடி. துளையிடும்போது விரிசல் ஓடலாம். விரிசல் விழாவிட்டாலும் ஜாடியின் மதிப்பு இறங்கிவிடும்.

துளையிடாமலே விளக்காக்க முடியும். வாயில் பொருந்தும் மூடியில் பல்பு ஹோல்டரை மாட்டி, ஒயரைப் பின்பக்கமாக வெளியே எடுக்கலாம். மேல்பாரத்தால் சாயாதிருக்க உள்ளே மணல் பை வைக்கலாம். எல்.இ.டி. பல்பு சூட்டைக் குறைக்கும். உலோகப் பாகங்களுக்கு எர்த் இணைப்பு அவசியம். இப்படிச் செய்த விளக்கை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மீண்டும் பூச்சாடியாக்கலாம். பழைய ஜாடி கையில் கிடைத்தவர்கள் துளைக்கருவியை எடுக்காமல் இந்த வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.