பரம்பரை ரோவர் – 11: இறக்கத்தில் பூட்ட வேண்டிய திருகு

இந்த வாரம் இருக்கைத் தோலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தாத்தாவின் 1955 ரோவர் 90, அதன் அலுமினியக் கதவுகள், அவை இரும்போடு உரசும் இடத்தில் பூத்திருந்த வெள்ளைப் பொடி எல்லாம் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தோல் ஒரு வாரம் பொறுக்கட்டும். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னத் திருகு என்னை வேறெதையும் நினைக்க விடவில்லை.

பண்டாரவளையில் பிரேக் வேலை முடிந்து, வண்டியை எல்ல வழியாக மொனராகலைக்கு இறக்க வேண்டும். கராஜ்காரர் சாவியை உடனே தரவில்லை. அவருடைய அப்பா ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் துரைக்குக் கார் ஓட்டியவர். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தத் திருகைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, எல்ல தாண்டுறதுக்கு முந்தியே இதப் பூட்டிருங்க. பூட்டாம எறங்குனீங்கன்னா எஞ்சின் வண்டியப் புடிக்காது. பிரேக்கு மட்டுந்தான் புடிக்கணும். பிரேக்கு எவ்வளவு நேரந்தான் புடிக்கும்?”

அந்தத் திருகு ஃப்ரீவீலுக்கானது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் கிர்ரென்று ஓடிக்கொண்டே இருக்குமே, அதே வேலையைத்தான் இந்தக் காரில் கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு பொறி செய்கிறது. உள்ளே சரிவான தளங்களில் எஃகு உருளைகள் இருக்கின்றன. எஞ்சின் தள்ளும்போது அவை இறுகிச் சக்கரத்தைச் சுழற்றும். அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் தளர்ந்துவிடும். வண்டி தன் பாட்டுக்கு உருளும். எஞ்சின் மெல்ல ஐடிலுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் கிளட்ச் மிதிக்காமலே கியர் மாற்றலாம். பெற்றோலும் மிச்சம். பல்லோடு பல் நறநறக்காமல் கியர் போடுவதே ஒரு வித்தையாக இருந்த 1930களில் ரோவர் கம்பனி இதைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. 1956இல் ஓவர்டிரைவ் வந்த பிறகு, ஓவர்டிரைவ் உள்ள 90களில் இது இல்லை. எங்களுடையது அதற்கு முந்திய வருடத்து வண்டி.

இதற்கு அமெரிக்காவில் ஒரு உறவு உண்டு. அங்கே 1930இல் ஃப்ரீவீலைக் கொண்டுவந்து பிரபலமாக்கியது ஸ்டூடிபேக்கர். வேறு பல கம்பனிகளும் பின்தொடர்ந்து, இறக்கத்தில் ஆபத்து என்பது தெரிந்ததும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. உலக யுத்தம் முடிந்து ரோவர் ஒரு புதிய உருவத்தைத் தேடியபோது இரண்டு ஸ்டூடிபேக்கர் கார்களைத் தருவித்து, அவற்றில் ஒன்றின் உடலைத் தன் சோதனைச் சட்டத்தின் மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தது. அந்தக் கலப்புக்குத் தொழிற்சாலையில் ‘ரோவர்பேக்கர்’ என்றே பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் 1949இல் வந்த பி4 வரிசை. முதல் மூன்று வருட வண்டிகளுக்கு முகத்தின் நடுவில் மூன்றாவதாக ஒரு விளக்கும் இருந்தது. எங்கள் 90 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆக, வெளி உருவத்துக்கும் உள்ளே இருக்கும் இந்தப் பொறிக்கும் ஒரே கம்பனியின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது! இது தெரிந்த நாளிலிருந்து சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சுவீடனின் சாப் கார்கள் இதே பொறியை வேறு காரணத்துக்காக வைத்திருந்தன. அவற்றின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் பெற்றோலோடு கலந்துதான் போகும். இறக்கத்தில் காலை எடுத்தால் பெற்றோல் குறையும், அதோடு ஒயிலும் குறையும். சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுழற்றினால் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும். அதைத் தடுக்கத்தான் ஃப்ரீவீல். அப்படியொரு சாப் 96ஐ ஓட்டித்தான் எரிக் கார்ல்சன் 1962இலும் 1963இலும் மொண்டே கார்லோ ராலியை வென்றார். அல்ப்ஸ் மலையில் ஃப்ரீவீல் உள்ள வண்டியை ஓட்டி வென்ற அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

எங்கள் மலைக்கு வருவோம். எல்ல கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே. வெல்லவாய 200 மீற்றர்கூட இல்லை. நடுவில் கிட்டத்தட்ட 28 கிலோமீற்றர் பாதை. ஏறக்குறைய ஒன்றரைத் தொன் எடையுள்ள இந்த வண்டி அந்த உயரத்தை இறங்கி முடிக்கும்போது விடுகிற சக்தியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு பிரேக் டிரம்கள் தாங்க வேண்டும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஒயில் பழசாகித் தண்ணீர் கோத்திருந்தால் அது கொதித்துக் குமிழியாகும். பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது.

இதைப் புத்தக விஷயமாக நான் எழுதவில்லை. 2021 மார்ச்சில் பசறையிலும் 2025 செப்டம்பரில் இதே எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்ததை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. காரணங்கள் வேறுவேறாக இருக்கலாம். ஆனால் நாங்கள் ஓட்டுகிற பாதை எப்படிப்பட்டது என்பதை அவை சொல்லிவிட்டன. எந்த வண்டியானாலும் ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய தோட்டத்து டிரைவர்மார் சொல்வார்கள். ஃப்ரீவீல் திறந்திருக்கிற ரோவரில் அந்தப் பாடம் பலிக்காது. கியர் எதில் இருந்தாலும் ஒன்றுதான்.

தெரிந்தவர் ஒருவர், உள்ளே வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடச் சொன்னார். ஆபத்தே இல்லை, தொல்லையும் இல்லை என்பது அவர் நியாயம். எனக்குச் சம்மதமில்லை. தாத்தா விட்டுப்போன வண்டியை அதன் குணத்தோடுதான் வைத்திருக்க விரும்புகிறேன். பண்டாரவளை மேட்டு நிலத்தில் அதைத் திறந்துவிட்டு, எஞ்சின் சத்தம் அடங்கி, பெரிய கார் காற்றுச் சத்தத்தோடு மட்டும் மிதந்து போவதை ஒரு முறை அனுபவித்தவர்கள் வெல்டிங் பற்றிப் பேச மாட்டார்கள். பூட்ட வேண்டிய இடத்தில் பூட்டத் தெரிந்துகொள்வதும் வண்டியோடு சேர்ந்து வந்த சொத்துதான். அதைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தாத்தா இதை வாங்கியது 1970களில். 1975இல் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன காலத்தில், ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து. புதுக் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றிருந்த வருடங்கள் அவை. இருந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டியே ஆகவேண்டும். பசறையில் எங்கள் வீட்டார் இன்றைக்கும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பெட்டரி இறங்கிப்போன ஒரு காலையில் லயத்துப் பையன்கள் கூடி வண்டியைத் தள்ளியிருக்கிறார்கள். மலைநாட்டில் இறக்கத்தில் உருட்டி கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது எல்லாருக்கும் கைவந்த காரியம். வண்டி வளைவு வரை உருண்டிருக்கிறது, எஞ்சின் முனகவேயில்லை. மறுபடி மேலே தள்ளி, மறுபடி உருட்டி, கடைசியில் தாத்தா வந்து திருகைப் பார்த்திருக்கிறார். திறந்த ஃப்ரீவீலில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றாதல்லவா? பூட்டியதும் முதல் உருட்டலிலேயே பிடித்துக்கொண்டது. 83 ஜூலை இனக்கலவரத்தில் பதுளைக் கடைவீதி எரிந்தபோது வண்டி பசறைக் கொட்டகைக்குள் இருந்ததால் தப்பியது. அதை இன்னொரு வாரம் தனியாக எழுத வேண்டும்.

பழைய காரைக் காட்சிக்கு வைத்துக் காப்பவர்களும் உண்டு. கொழும்பு கோல்பேஸ் ஹோட்டலில் 1935 ஸ்டாண்டர்ட் நைன் ஒன்று இருக்கிறது. இளவரசர் பிலிப் இளம் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்தபோது, 1940இல் வாங்கிய முதல் கார். ஹோட்டல் தலைவராக இருந்த சிரில் கார்டினர் அதைத் தேடி வாங்கிக் காப்பாற்றினார். இன்று ஹோட்டலின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க அழகு. அவர்கள் காத்ததால்தான் நாங்கள் பார்க்க முடிகிறது. எங்கள் ரோவருக்கு அந்த இளைப்பாறல் கிடைக்காது. அது வெல்லவாய, புத்தல தாண்டி மொனராகலைக்கு வரவும் வேண்டும், திரும்ப மலையேறவும் வேண்டும்.

ஃப்ரீவீலை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நெடுநாள் நின்ற வண்டியில் ஒயில் பசையாகியிருக்கும். அப்போது உருளைகள் நழுவும், அல்லது திடீரென்று இறுகி வண்டி உதறும். பழைய ஒயிலை முழுக்க வடித்து, கம்பனிக் கைநூல் சொல்லும் தரத்தில் மட்டும் ஊற்றுங்கள். ‘கெட்டியானது நல்லது’ என்கிற கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். மொனராகலைச் சமவெளியில் ஓட்டிப் பார்த்து, பூட்டு உண்மையாகவே பிடிக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் மலை. காலை எடுத்ததும் எஞ்சின் சத்தம் சக்கர வேகத்தோடு சேர்ந்தே இறங்கினால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். தனியாக ஐடிலுக்கு விழுந்தால் இல்லை.

இருக்கைத் தோல் அடுத்த வாரம் நிச்சயம். எங்கள் வண்டியின் திருகுக் குமிழில் வெடிப்பு விழுந்திருக்கிறது. ஊவாவில் யார் வீட்டுக் கொட்டகையிலாவது ஓடாத பி4 ரோவர் நின்றால், அந்தக் குமிழ் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள்.