வீட்டு முன்றிலில் பழைய காருக்கு ஓர் இடம்



பழைய கார் ஒன்றை வாங்கி, அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் ஓடவைத்துப் பார்க்கும் ஆசை கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கு உண்டு. மோரிஸ் மைனர், மினி போன்ற ஆங்கிலேய வண்டிகளின் மேல் சிலருக்கு மோகம். 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. அன்று அப்பா புதிதாக வாங்கிய வண்டியை இன்று மகன் புதுப்பிக்க முனைகிறான். வண்டியும் கிடைத்துவிடும், தேடி அலைந்தால் உதிரிப் பாகங்களும் கிடைத்துவிடும். அதை வைத்து வேலை செய்ய இடம் எங்கே என்பதுதான் கேள்வி.

கார் கொட்டகை என்றால் மேல்நாட்டுப் படங்களில் வருவதுபோல் நான்கு சுவரும் கதவும் உள்ள தனி அறை நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலும் சரி, கிள்ளான் தாமான்களிலும் சரி, நாம் குடியிருப்பவை பெரும்பாலும் வரிசை வீடுகள். வீட்டின் அகலம் 20 அடி அல்லது 22 அடி. கேட்டுக்கும் வாசற்கதவுக்கும் இடையே 'போர்ச்' என்று நாம் சொல்லும் முன்றில்தான் கொட்டகை. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் பாட்டி கோவிலுக்குப் புறப்படுவதும் அந்த வழியாகத்தான். திருடனுக்குப் பயந்து சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கிரில் போட்டிருக்கிறோம். இரவில் தீப்பிடித்தால் வீட்டார் வெளியேற மிஞ்சுவது பெரும்பாலும் அந்த ஒரே வாசல். ஆகவே முதலில் அளக்க வேண்டியது மனிதர் நடக்கும் பாதையை. வாசற்கதவிலிருந்து கேட் வரை, இருட்டில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுக்காமல் ஓடக்கூடிய அகலத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு ஒதுக்கிவிட வேண்டும். ஒரு மீட்டராவது வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு டயரும் வரக்கூடாது. கிரில் சாவியும் வீட்டார் அனைவருக்கும் தெரிந்த இடத்தில், கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

பிறகு வண்டிக்கு வருவோம். 20 அடி என்பது ஏறத்தாழ 6.1 மீட்டர். சுவர்களும் தூணும் போக 5.8 மீட்டர் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். அன்றாடம் ஓட்டும் வண்டி ஒரு மைவி என்றால் அதன் அகலம் 1.74 மீட்டர். பழைய மினியின் அகலம் 1.41 மீட்டர். இரண்டும் போக 2.65 மீட்டர் மீதி. இதைச் சமமாகப் பங்கு போடுவதுதான் பலர் செய்வது; அப்படிச் செய்தால் எந்தப் பக்கமும் போதாது. மினியைச் சுவரோரம் 30 சென்டிமீட்டர் விட்டு ஒட்டி நிறுத்துங்கள். இரு வண்டிகளுக்கும் இடையே 90 சென்டிமீட்டர் விடுங்கள். ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரைத் திருப்ப அது போதும். எஞ்சிய 1.45 மீட்டர் வீட்டாருக்கு. சுவர்ப் பக்கத்தில் வேலை வரும்போது வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொள்ளலாம். மோரிஸ் மைனரானால் அகலம் 1.55 மீட்டர், முதல் சாகாவானால் சுமார் 1.65. அவற்றுக்கும் இதே கணக்குதான். மிச்சம் மட்டும் குறையும்.

முழு வண்டிக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது. கழற்றிய வண்டிதான் நம்மைத் திணறடிக்கும். கதவு, பானட், இருக்கை, பம்பர், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கினால், வண்டி நின்ற இடத்தைப்போல் இன்னோர் இடம் வேண்டியிருக்கும். பாதி வேலையில் கைவிடப்பட்டு இரும்புக் கடைக்குப் போகும் வண்டிகள் பலவற்றின் கதை இதுதான். ஒரே வாரத்தில் உற்சாகமாக எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். பிறகு எந்தத் திருகு எங்கே இருந்தது என்று தெரியாது; வீட்டார் முணுமுணுப்பார்கள்; மழையில் நனைந்து பாகங்கள் துருவேறும். எனவே ஒரு நேரத்தில் ஒரு பகுதி என்பதை விரதம்போல் கடைப்பிடிக்க வேண்டும். பிரேக் வேலை என்றால் பிரேக் மட்டும். அது முடிந்து பூட்டிய பிறகே அடுத்தது.

கழற்றியதை எங்கே வைப்பது? முதல் அலமாரி அந்த வண்டியேதான். இருக்கைகளை எடுத்துவிட்டால் உள்ளே ஒரு சிறிய அறை அளவு இடம் இருக்கிறது. சன்னல் கண்ணாடிகளைப் பழைய போர்வையில் சுற்றி அங்கேயே நிறுத்தி வைக்கலாம். அடுத்தது சுவர். துளையிட்ட இரும்புச் சட்டங்களால் ஆன தட்டுகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அன்றாட வண்டியின் பானட்டுக்கு மேலே உள்ள வெற்றிடம் யாருக்கும் பயன்படுவதில்லை. அந்த உயரத்தில் சுவரில் தட்டு அடித்தால் நடைபாதை குறையாது. திருகுகளுக்கு மைலோ டின்னைவிடச் சிறந்த பெட்டி இன்னும் யாரும் செய்யவில்லை என்பது நம் கட்சி. எந்தப் பாகத்தின் திருகு என்று எழுதி ஒட்டி, கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துவிட்டால் ஆறு மாதம் கழித்தும் குழப்பம் வராது.

வண்டி எப்போதும் சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும். தேவைப்படும்போது தள்ள முடிந்தால்தான் அது இடத்தைக் கொடுக்கும். தீபாவளிக்கு விருந்தினர் வந்தால் ஒரு மூலைக்கு நகர்த்தலாமே! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மழைநீர் வடிவதற்காக நம் முன்றில்களின் தரை கேட்டை நோக்கிச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். கட்டையிடாத வண்டி மெல்ல உருண்டு தெருவுக்குப் போய்விடும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைப் பலகைகள் சமதரைக்கு உகந்தவை. சரிவில் அவை ஆபத்து.

ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக்கூடாது. இரும்பு முட்டுக்கால்களைக் கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்டலாம். முன்றிலில் பளபளப்பான ஓடு பதித்திருந்தால் முட்டுக்கால் வழுக்கும், ஓடும் உடையும். அடியில் கனமான பலகை ஒன்று போடுங்கள். சிலர் செங்கல்லை அடுக்கிவிடுகிறார்கள். 1881ஆம் ஆண்டின் தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு கோலாலம்பூர் நகரைச் செங்கல்லால் எழுப்பியபோது, அந்தச் செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம் பிரிக்பீல்ட்ஸ். சுவர் கட்ட அது உத்தமமான பொருள். காரின் பாரத்தை ஒரு முனையில் ஏற்றினால் செங்கல் எச்சரிக்காமலே நொறுங்கிவிடும்.

எஞ்சினை இறக்கும் நாள் வரும். மினியின் எஞ்சினே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. முன்றில் கூரையின் சட்டத்தில் சங்கிலி மாட்டித் தூக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் கூரை மழைக்கும் வெயிலுக்கும் போட்டது, பாரம் தூக்க அன்று. மடக்கக்கூடிய தூக்கியை இரவல் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டால் இடமும் மிச்சம். இறக்கிய எஞ்சினைப் பட்டறையில் கடைசல் வேலைக்குக் கொடுத்துவிட்டால், அது வீட்டில் குந்தியிருக்காது. கூரையை நீட்டிக் கட்ட நினைப்பவர்கள் முதலில் மாநகர மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். சாலை வரி இல்லாத வண்டியை வெளியே தெருவில் விட்டுவைக்கவும் முடியாது. அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். மாலையில் வாசலில் விளக்கேற்றிச் சாம்பிராணி போடும் வீடுகள் நம்முடையவை. கார்புரேட்டரைக் கழுவிய பெட்ரோல் ஒரு தட்டில் திறந்து கிடக்கும்போது ஒரு தீக்குச்சி போதும். சாயமும் தின்னரும் பெட்ரோலும் நடைபாதைக்கு எதிர்ப்பக்க மூலையில், இறுக மூடிய டின்னில், குறைந்த அளவே இருக்க வேண்டும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைப்பது நல்லது.

நம் ஊர் ஈரத்துக்கும் இடம் விடவேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுகப் போர்த்தினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். காற்றுப் புகும் துணியே மேல். போர்ட் கிள்ளான் பக்கம் கடற்காற்றில் உப்பும் சேர்ந்துகொள்ளும். தாழ்வான பகுதியினர் 2021 டிசம்பரை மறந்திருக்கமாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் முழுக முழுக வெள்ளம் நின்றது. ஸ்டார்ட்டர், கார்புரேட்டர், மின்சாரப் பாகங்கள் ஆகியவற்றை மேல்தட்டிலும், நனைந்தாலும் கழுவித் துடைத்துவிடக்கூடியவற்றைக் கீழ்த்தட்டிலும் வையுங்கள். பழைய டயர்களைத் திறந்த வெளியில் அடுக்கினால் அவற்றில் நீர் தேங்கி ஏடிஸ் கொசு வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாளே ஆகும். கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்குத் தண்டம் உண்டு.

மாற்றிய கறுப்பு எண்ணெயைச் சிலர் இருட்டியபின் வீட்டு முன் கால்வாயில் ஊற்றிவிடுகிறார்கள். அது போய்ச் சேருவது ஆற்றில். கழிவு எண்ணெய் சுற்றுச்சூழல் சட்டப்படி அட்டவணைக் கழிவுகளில் ஒன்று. பழைய எண்ணெய்ப் புட்டியிலேயே ஊற்றி மூடி, நீங்கள் வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் அதற்கென்றே ஒரு பீப்பாய் இருக்கும்.