வேகம் இல்லாமலே விம்பிள்டன் வரை!

டென்னிஸ் என்றதும் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? ஆறடி உயரம், முறுக்கேறிய தோள், துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பாய்கிற சர்வீஸ், இல்லையா? “எங்க பையனுக்கு அவ்வளவா பலம் பத்தாது டாக்டர், விளையாட்டெல்லாம் அவனுக்குச் சரிப்படுமா?” என்று சங்கரன்கோவிலில் என்னிடம் வருகிற தாய்மார்கள் அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ராமநாதன் கிருஷ்ணன்.

1937 ஏப்ரல் 11-ல் நாகர்கோவிலில் பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா டி.கே. ராமநாதன் பெயர் பெற்ற டென்னிஸ் ஆட்டக்காரர். அவர்தான் மகனுக்கும் குரு. சென்னை லயோலா கல்லூரியில் கல்லூரி மாணவர்களுக்கு என்றே நடந்த பெர்ட்ரம் போட்டியில், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே அனுமதி வாங்கி இறங்கினார். பெரிய பையன்களை எல்லாம் ஜெயித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தார்!

1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். அதை வாங்கிய முதல் ஆசியர் நம்ம ஊர்ப் பையன்தான்.

பலம் எங்கே இருந்தது?

சும்மா சொல்லக்கூடாது, கிருஷ்ணனின் சர்வீஸ் சாதாரணமானது. எதிராளியை மிரட்டும் வேகம் அதில் கிடையாது. பிறகு எப்படி ஜெயித்தார்? பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பார். எதிராளி பலமாக அடித்த வேகத்தையே வாங்கி, அவரால் எட்ட முடியாத மூலைக்குப் பந்தை மெல்லத் திருப்பி விடுவார்.

பலம் என்றால் நாம் புஜத்தைத்தான் பார்க்கிறோம். கண்ணும் காலும் ஒன்றாக வேலை செய்வது, மூச்சு வாங்காமல் நெடுநேரம் நிற்பது, பதற்றப்படாமல் இருப்பது, இவையும் பலம்தான். பயிற்சியால் வளர்கிற பலம்!

1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1961 கால் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை ஒரு செட் கூடக் கொடுக்காமல் வீழ்த்தினார். அரையிறுதியில் அவரைத் தோற்கடித்தவர்கள் நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும். அந்தந்த வருஷம் பட்டம் வென்றவர்களும் அவர்களே. அந்த நாளில் காசுக்கு ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு விம்பிள்டனில் இடம் கிடையாது; 1968-ல்தான் கதவு திறந்தது. கிருஷ்ணன் அமெச்சூராகவே ஆடியவர்.

கணுக்கால் கெடுத்த வாய்ப்பு

1962-ல் விம்பிள்டன் தரவரிசையில் அவருக்கு நான்காம் இடம் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர் அங்கே போனதில்லை. ஆனால் கணுக்காலில் அடிபட்டுப் போட்டியின் பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று. எத்தனை திறமை இருந்தென்ன, உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குகிற அந்தச் சின்ன மூட்டு ஒத்துழைக்க வேண்டுமே!

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இது நடக்கும். கபடியோ வாலிபாலோ ஆடும்போது பாதம் மடங்கினால், எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கிற நார் இழுபடும், சில சமயம் கிழியும். அதுதான் சுளுக்கு. நம் வீடுகளில் உடனே என்ன செய்கிறோம்? எண்ணெயைக் காய்ச்சி, சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போகிறோம். தயவுசெய்து வேண்டாம். முதல் இரண்டு நாள் சூடும் ஆகாது, அழுத்தி நீவுவதும் ஆகாது, வீக்கம் கூடும்.

ஆட்டத்தை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வையுங்கள். இறுக்கிப் பிடிக்காமல் கட்டுப் போட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை, எலும்பைத் தொட்டாலே துடிக்கிறான் என்றால் எக்ஸ்-ரே எடுத்தே ஆகவேண்டும். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன், இதில் தயக்கம் வேண்டாம்.

வீக்கம் வடிந்த பிறகு நொச்சி இலை ஒத்தடம் இதமாக இருக்கும். மூசாம்பரப் பற்று போடுவதானால் வைத்தியரைக் கேட்டுப் போடுங்கள்; தோல் கிழிந்த இடத்தில் போடக்கூடாது. வலி போனதும் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குங்கள். மூட்டுக்கு நிதானம் திரும்பும், மறுபடி மடங்குவது குறையும். “நாளைக்கு மேட்ச் இருக்கே” என்று அவசரப்பட்டு அனுப்புகிற பெற்றோர்தான் ஒரு வாரச் சுளுக்கை வருஷக் கணக்கில் இழுக்க விடுகிறார்கள்.

மறுபடி எழுந்தவர்

கணுக்கால் காயத்தோடு கிருஷ்ணன் கதை முடியவில்லை. 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலோடு டேவிஸ் கோப்பைப் போட்டி. ஆளுக்கு இரண்டு வெற்றி. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோச்சுக்கும். வயது 29. டை-பிரேக்கர் இல்லாத காலம் என்பதால் மூன்றாவது செட் மட்டும் 12-10 வரை நீண்டு, அதையும் இழந்தார். நான்காவதில் 2-5 எனப் பின்தங்கினார். கதை முடிந்தது என்று ஊரே நினைத்த நேரத்தில் 7-5, 6-2 என்று ஜெயித்தார்!

இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், அந்த ஒரு வெற்றி கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப்-ரோச் ஜோடியிடமிருந்து பறித்தது. 1967-ல் பத்மபூஷண் அவரைத் தேடி வந்தது.

அப்பா ஜெயித்து 25 வருஷம் கழித்து, 1979-ல் மகன் ரமேஷும் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். அவரும் அதே மென்மையான ஆட்டக்காரர்தான். 1989-ல் ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரையே வீழ்த்தினார்.

ஆகவே தாய்மார்களே, பிள்ளைக்குப் பலம் பத்தாது என்று வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள். கால் மடங்கி நொண்டிக்கொண்டு வந்தால் திட்டாமல் உட்கார வையுங்கள். முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் ஆடப் போகட்டும்.